தைலம்மை பஸ் ஏறிய படம்

பழைய நாவலைப் படமாக எடுக்கவே கூடாது என்று சொல்கிற கட்சி அல்ல நான். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், ஆர்த்தி மேடம். எங்கள் பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் சிங்காரவேலு சாருக்கு சினிமா என்றாலே ஆகாது என்றுதான் சொல்வார்கள். சுத்தப் புரளி. மாட்டு வண்டியை ஸ்கூட்டியாக மாற்றட்டும், கடிதாசியை வாட்ஸ்அப் ஆக்கட்டும், எனக்கென்ன போயிற்று? எந்தக் காலத்துக்குக் கொண்டுபோனாலும் கதையின் உயிரை விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

என் மனைவி நர்மதா எப்படிச் செத்தாள் என்று கேட்கிறீர்கள். காதில் விழுந்தது. அதற்குத்தான் வருகிறேன். ஆனால் படத்திலிருந்து ஆரம்பிக்காவிட்டால் ஏதோ கிறுக்குப் பிடித்தவன் பேச்சாகத் தோன்றிவிடும். வருஷக்கணக்காகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறவன், எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஓடும்.

'வடக்குக் கிணறு' நாவலை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் படிக்காமலேதான் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதில் வருகிற கிணறு எங்கள் முந்திரிக்காட்டில் இருக்கிற கிணறுதான். நேற்று நீங்கள் வந்து எட்டிப் பார்த்தீர்களே, அதேதான். நாவலின் நாயகி தைலம்மை என் தாத்தா தங்கசாமிக்கு முதல் சம்சாரம். புருஷனோடு மனத்தாங்கல். பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள், போனால் இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு என்று யோசித்து, பாதி வழியில் திரும்பி வந்து கிணற்றில் குதித்துவிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த ஒருவர் அதை நாவலாக எழுதினார். பெயரைக்கூட மாற்றவில்லை.

எங்கள் பக்கத்தில் தாலியோடு செத்த பெண்ணைச் சும்மா விட்டுவிட மாட்டார்கள். பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வீட்டில் ஒரு நல்லது நடக்கும் முன்னால் தண்ணீர்க்கரைக்குப் போய், குடத்தில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, அந்தக் குடத்தில் அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, புதுப்புடவை வைத்துப் படைப்போம். உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை கேட்காத வீடு, அப்புறம் எதற்கும் அவளிடம் உத்தரவு கேட்டு நிற்கும். நாவலின் கடைசி அத்தியாயமே அதுதான். தைலம்மையைக் குடத்தில் அழைத்து வருகிறார்கள், புருஷன் புடவைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான். எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துக் கும்பிட்டுவிடுவேன்.

கல்யாணமான புதிதில் நர்மதாவுக்கு நான் கொடுத்த முதல் பொருள் அந்த நாவல்தான். தா.பழூர்ப் பக்கத்துப் பெண், கொள்ளிடக்கரை ஊர், பி.எஸ்சி. படித்திருந்தாள். நாவலை முடித்ததும் கேள்வி கேட்டேன், எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். கடைசி அத்தியாயம் எப்படி என்றேன். "பாவமா இருக்குங்க" என்றாள். அது பாவம் இல்லை, உயர்வு என்று விளக்கினேன். தலையாட்டினாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள்.

நான் அவளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகட்டுமா என்றாள், தேவையில்லை என்றேன், அத்தோடு சரி. வீட்டில் ஒரு போன் போதும் என்று ஒன்றே ஒன்று வைத்திருந்தோம், அது என் சட்டைப்பையில் இருக்கும். அவள் அம்மா வீட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன், சாயங்காலத்துக்குள் நானே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். தெருவில் நின்று பெண்களோடு பேசுகிற பழக்கம் ஆரம்பத்தில் இருந்தது. சொன்னேன், விட்டுவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து சண்டை என்று ஒரு சத்தம் வெளியே கேட்டதாக எவனையாவது சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் அந்தப் படம் வந்து தொலைத்தது. நாவலின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். தைலம்மை 'தைலா' ஆகிவிட்டாள். பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையில் பில் போடுகிறாள். முதல் பாதி, நியாயமாகப் பேச வேண்டுமென்றால், நன்றாகவே இருந்தது. அந்தப் பெண்ணின் பேச்சில் நம் பக்கத்து வாடை இருந்தது. புருஷனைத்தான் கெடுத்துவிட்டார்கள். நாவலில் அவன் கண்டிப்பானவன் என்று ஒரே ஒரு வரி வருகிறது. படத்தில் அந்த ஒரு வரியை இழு இழு என்று இழுக்கிறார்கள். அவன் குரலை உயர்த்துவதே இல்லை. அவள் போனை வாங்கிப் பார்க்கிறான், அவளுக்குப் பதில் அவனே பேசுகிறான், கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான். தியேட்டரில் பெண்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள். இதில் உச்சுக் கொட்ட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, முடிவுக்கு வருவோம். தைலா கிணற்றடிக்குப் போகிறாள். குனிந்து பார்க்கிறாள். நாமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவள் வாளியில் தண்ணீர் இறைத்து முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறாள். அத்தோடு படம் முடிந்தது. எங்கள் வீட்டுச் சாமி, மேடம். வேர்க்கடலை தின்கிறது.

நர்மதா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போட்ட பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழைத்து எழுப்ப வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் பெரம்பலூரில் புத்தகக் கண்காட்சி வந்தது. பட்டிமன்றத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பழைய நாவல்களை இன்றைய காலத்துக்கு மாற்றிப் படமெடுப்பது வெற்றியா, தோல்வியா என்று தலைப்பு. தோல்வியே என்ற அணிக்கு நான் தலைவர். தைலம்மையின் வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நர்மதாவை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நன்றாகத்தான் பேசினேன். "தைலம்மையைச் சாகவிடாமல் காப்பாற்றியவர்கள் நாவலைக் கொன்றுவிட்டார்கள்" என்றபோது விசில் பறந்தது.

எதிரணியில் ஃபைஸா என்று ஒரு பேராசிரியை. லப்பைக்குடிக்காட்டுப் பெண், கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். அந்தம்மா எழுந்து மைக்கைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே ஆரம்பித்தார்.

"சார் சொல்றாரு, தைலம்மை செத்ததாலதான் சாமியானாங்கன்னு. நான் ஒண்ணு கேக்கறேன். உனக்குச் சாமியாகணுமா, இல்ல உங்கம்மா வூட்டுக்குப் போகணுமான்னு யாராவது அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா சார்? அன்னிக்கு அவளுக்குப் போக வழியில்ல, கிணறுதான் இருந்துச்சு. இன்னிக்கு நம்ம ஊர்ல ரயில் இல்லன்னாலும் பஸ் இருக்கு. பஸ் இருக்கற ஊர்ல அவ ஏன் சார் கிணத்துக்குப் போகணும்?"

கூட்டம் கை தட்டியது. தட்டட்டும், பட்டிமன்றம் என்றால் இரண்டு பக்கமும் தட்டத்தான் செய்வார்கள். ஆனால் முதல் வரிசையில் நர்மதாவும் தட்டினாள். எத்தனையோ விழாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அவள் கைதட்டி நான் பார்த்ததே கிடையாது. எல்லோரும் நிறுத்தின பிறகும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள். நடுவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சிங்காரவேலு சார், தீர்ப்பு உங்க வூட்டுலேர்ந்தே வந்துருச்சு போல" என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பற்றி எரிந்தது, மறைக்கவில்லை. ஊர் முன்னால் என் துணியை உருவின மாதிரி இருந்தது.

படம் வெற்றியே என்று தீர்ப்புச் சொல்லி எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"ஏன் தட்டுன?" என்றேன்.

"நல்லா இருந்துச்சுங்க."

"எது?"

"அந்தப் புள்ள பஸ்ஸுல ஏறுனது."

அரியலூர் வரும்வரை அவளுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். ஒரு படைப்புக்கு முடிவு என்பது மேலே ஒட்டின தாள் அல்ல, கிழித்துவிட்டு வேறு ஒட்ட முடியாது. விதையிலேயே இருக்கிறது அது. தைலம்மை சாகாவிட்டால் கிணறு வெறும் கிணறு, புருஷன் வெறும் புருஷன், நாங்கள் வெறும் முந்திரி வியாபாரிக் குடும்பம். எவ்வளவு பொறுமையாகச் சொன்னேன் தெரியுமா? அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜெயங்கொண்டம் நெருங்கும்போது திரும்பி, "உங்க தாத்தா அவங்கள என்னங்க பண்ணாரு?" என்றாள்.

"என்ன பண்ணுவாரு? கண்டிப்பானவரு, அவ்வளவுதான்."

"அது சரி" என்றாள்.

அந்த 'அது சரி' எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை உட்காரவைத்து நாவலிலிருந்து ஒரு பகுதி வாசித்து விளக்குவேன். முன்பெல்லாம் தலையாட்டுவாள் என்றேனே, இப்போது ஆட்டுவதில்லை. காதில் வாங்குகிறாளா என்றும் தெரியாது. சில நேரம் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள். மோசமான படத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறார்களே, அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் காலையில் கையில் பையோடு வந்து நின்றாள்.

"கவியாகிட்ட போறேங்க. திருச்சியில அவ ரூம்ல இருந்துக்கறேன். அவ ஆபீஸ்கிட்ட ஒரு கடையில பில் போடற வேல சொல்லி வச்சிருக்கா."

கவியா எங்கள் மகள், ஒரே பிள்ளை. பக்கத்து வீட்டுப் போனில் இரண்டு பேரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பில் போடுகிற வேலை. கவனித்தீர்களா? அப்படியே படத்திலிருந்து எடுத்தது. இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குச் சொந்தமாக ஒரு யோசனைகூட வரவில்லை என்பதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

நான் கோபப்படவில்லை. "எப்ப வருவ?" என்று கேட்டேன்.

"வரலங்க" என்றாள். சந்தைக்குப் போகிறவள் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"சரி, போ. இந்த வீட்டு மருமக தைலம்மைகிட்ட சொல்லாமப் போகக் கூடாது. கிணத்தடியில ஒரு கும்பிடு போட்டுட்டுப் போ" என்றேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்புறம், "அவங்ககிட்ட சொல்லிட்டே போறேன்" என்று வந்தாள். இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நான் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை. அவளாகத்தான் நடந்து வந்தாள், எனக்கு முன்னால். முந்திரி பூத்திருந்த நேரம், காடு முழுக்க வாசனை. பையைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றின் விளிம்பில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

குதித்துவிட்டாள் என்று ஊரில் சொன்னேன். ஒருத்தரும் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு அந்தக் கதை மனப்பாடம் ஆயிற்றே. "தைலம்மையேதான் வந்து பொறந்திருக்கா" என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். அவள் உயிரோடிருந்தபோது அவளோடு இரண்டு வார்த்தை பேசாதவர்கள்கூட நல்ல நல்ல புடவையாக எடுத்து வந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து அவளைக் கிணற்றிலிருந்து அழைக்க நாள் குறித்தோம். பம்பைக்காரரைக் கூட்டிவந்து, குடத்துக்குப் பூச்சுற்றி எல்லாம் தயார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு மனசு நிறைந்திருந்தது. இனி அவளை யாரும் எங்கேயும் கூட்டிப்போக முடியாது. வருஷா வருஷம் அவள் காலில் நானே விழுந்து எழுந்திருப்பேன். எந்தப் புருஷன் இவ்வளவு செய்வான்?

கவியாதான் கெடுத்துவிட்டாள். குடத்தோடு நாங்கள் போனபோது கிணற்றுப் படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மொள்ள விடவில்லை.

"எங்கம்மா சாமியில்ல. அவங்கள யாரும் இங்கேர்ந்து கூப்புடக் கூடாது" என்றாள்.

சித்தப்பா பெரியப்பாவெல்லாம் அதட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"திருச்சி பஸ் ஸ்டாண்டுல நான் நின்னுகிட்டே இருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸா ஏறிப் பாத்தேன். வரேன்னு சொன்னவங்க எதுக்குக் குதிக்கணும்? எங்கம்மாவுக்கு நீச்சல் தெரியும். கொள்ளிடத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போறப்ப அக்கரைக்கு நீந்திப் போயிட்டு வருவாங்க, அவங்க ஊர்ல போய்க் கேளுங்க. நீச்சக்காரி கிணத்துல வுழுந்தா ஏறி வந்துட மாட்டாளா? ஏறி வரவுடாம யாரு நின்னா? சொல்லுங்கப்பா."

பம்பை நின்றுவிட்டது. புடவையோடு வந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். பெற்ற மகள், நல்ல நாளும் அதுவுமாக, சாமியாகப் போகிற தாயைத் தடுத்து நிறுத்திவிட்டாள். அங்கிருந்துதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் வந்தது.

குதித்தாளா, தள்ளினீர்களா என்று கேட்கிறீர்கள். தள்ளினேன். அதை மறைக்க நான் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

அவளுக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. தண்ணீருக்குள் போனவள் வெளியே வந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கல்லுப்படியைப் பிடித்து மேலே பார்த்தாள். "கையக் குடுங்க" என்றாள். கை தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை, கையைக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கொடுத்தால் ஏறி வந்து, ஈரப்புடவையோடு நேரே பஸ்ஸுக்குத்தானே போவாள்? பக்கத்து மரத்தில் முந்திரிப் பழம் பறிக்கிற தொரட்டிக் கோல் சாத்தியிருந்தது. அதை எடுத்தேன். அவள் படியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நீந்தினாள். நான் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். மறுபடி படிக்கு வந்தாள். நானும் வந்தேன். அப்போதுதான் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது, அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. கவியா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நன்றாகவே நீந்தினாள், மேடம், பொய் சொல்லக் கூடாது. வெயில் உச்சிக்கு ஏறும்வரை நீந்தினாள். பையை அப்புறம் எடுத்துக்கொண்டு போய்ச் சருகோடு போட்டுக் கொளுத்தினேன்.

மூலத்தில் அவளாகவே குதிக்கிறாள். இங்கே நான் தள்ளவேண்டியதாகிவிட்டது. அந்த இடத்தில் நானும் மாற்றித்தான் விட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிவை மாற்றவில்லை. ஃபைஸா அம்மாவிடம் நீங்கள் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

என்ன கேட்டீர்கள்? தைலம்மை தானாகத்தான் குதித்தாள் என்று அந்த வாத்தியாருக்கு யார் சொன்னது என்றா?

எங்கள் தாத்தாதான். வேறு யாரால் சொல்ல முடியும், கிணற்றடியில் அவளோடு இருந்தது அவர் ஒருத்தர்தானே. சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதாராம், பாவம். நானும் அப்படித்தான் அழுதேன்.